எரிபொருள் தரும் இனிப்புச் சோளம்

சோளம் தக்காண பீடபூமியின் புன்செய் நிலங்களில் நெடுங்காலமாகப் பயிராகி வரும் தானியமாகும். இதன் கதிர் மனிதனுக்கு உணவு. தட்டை மாட்டுக்குத் தீவனம். இவ்விரண்டையும் கருதியே உழவர் இதனை விதைத்து வருகின்றனர். ஆனால் சோளத்தில் ஒரு வகையின் தண்டு கரும்பைப் போலச் சாறு நிறைந்து, தித்திப்பாக இருக்கும். இதுவே இனிப்புச் சோளம் எனப்படுகிறது. இதன் சாற்றைப் புளிக்க வைத்து வடித்தால் எத்தனால் என்னும் ஆல்கஹால் கிடைக்கும். அதனைப் பெட்ரோலுடன் கலந்து மோட்டார் வண்டிகளை ஓட்டலாம். தானியம் வழக்கம்போல் உழவர் வீட்டுக்கே வந்து சேரும்.

ஒரே நிலத்தில், ஒரே பருவத்தில், உணவும் தீவனமும் எரிபொருளும் பெறக் கூடுமாயின், மழையை நம்பி வாழும் உழவருக்கு அது பெரும் துணையாகும். அது எந்த அளவுக்குக் கைகூடும் என்பது செடியின் இயல்பை மட்டும் பொறுத்ததன்று. தண்டை வெட்டிய பின் கழியும் சில மணி நேரத்தையும் அது பொறுத்திருக்கிறது.

எரிசாராயத்தின் தேவை

பெட்ரோலுடன் ஆல்கஹால் கலப்பது நம் நாட்டுக்குப் புதிதன்று. இதற்கென 1948-ஆம் ஆண்டிலேயே இந்திய எரிசாராயச் சட்டம் இயற்றப்பட்டது. அச்சட்டம் 2000-ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. பின்னர் 2003 ஜனவரியில் 9 மாநிலங்களிலும் 4 யூனியன் பிரதேசங்களிலும் 5 சதவீத எத்தனாலைப் பெட்ரோலுடன் கலக்கும் திட்டம் தொடங்கப்பெற்றது. கலப்பு அளவு 2022-ல் 10 சதவீதத்தையும், 2025-ல் 20 சதவீதத்தையும் எட்டியது.

இந்த எத்தனாலில் பெரும்பகுதி கருப்பஞ்சாறு, சர்க்கரை ஆலையில் மிஞ்சும் கழிவுப்பாகு, மக்காச்சோளம், அரிசி ஆகியவற்றிலிருந்து வடிக்கப்படுகிறது. இவற்றின் இடர்ப்பாட்டை 2023-ஆம் ஆண்டு நன்கு உணர்த்தியது. அவ்வாண்டு ஜூலையில், இந்திய உணவுக் கழகத்தின் கையிருப்பிலிருந்து வடிசாலைகளுக்கு அரிசி வழங்குவது நிறுத்தப்பட்டது. பருவமழை குறைந்து கரும்பு விளைச்சலும் குன்றும் என்ற நிலை ஏற்படவே, டிசம்பரில் கருப்பஞ்சாற்றிலிருந்து எத்தனால் வடிப்பதற்கும் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. உண்ணும் பொருளும் வண்டி ஓட்டும் பொருளும் ஒரே களஞ்சியத்திலிருந்து வர வேண்டியிருந்தால், பஞ்ச காலத்தில் இரண்டுக்கும் போட்டி நேர்வது இயல்பே. ஆதலால், தானியத்தைத் தொடாமல் தண்டிலிருந்து மட்டும் எரிபொருள் தரக்கூடிய பயிர் ஆராய்ச்சியாளரின் கருத்தைக் கவர்ந்ததில் வியப்பில்லை. 2018-ஆம் ஆண்டின் தேசிய உயிரி எரிபொருள் கொள்கை, எத்தனாலுக்குரிய மூலப்பொருள்களுள் இனிப்புச் சோளத்தையும் சேர்த்துள்ளது.

செடியின் இயல்பு

தாவர நூலார் இதனைச் ‘சோர்கம் பைகலர்’ என்பர். தானியச் சோளமும் இனிப்புச் சோளமும் ஒரே இனத்தைச் சேர்ந்தவையே. இதன் தாயகம் ஆப்பிரிக்காவின் வடகிழக்குப் பகுதியாகும். வறண்ட நிலத்தில் தோன்றிய பயிராதலால், வறட்சியைத் தாங்கும் வழிகள் பலவற்றை இது பெற்றிருக்கிறது. இலையிலும் தண்டிலும் வெண்மையான மெழுகுப் பூச்சு படர்ந்து, நீர் ஆவியாவதைக் குறைக்கிறது. நீர் போதாத காலத்தில் இலைகள் சுருண்டு கொள்கின்றன. வளர்ச்சி ஓரளவு நின்று போகிறது. மழை மீண்டும் பெய்தவுடன் பயிர் தழைக்கத் தொடங்குகிறது.

கரும்பையும் மக்காச்சோளத்தையும் போலச் சோளமும் கரியமில வாயுவைச் சிக்கனமாகப் பயன்படுத்தும் தாவரங்களுள் ஒன்றாகும். இவ்வகைத் தாவரங்கள் காற்றிலிருந்து பெறும் கரியமில வாயுவை முதலில் நான்கு கரி அணுக்கள் கொண்ட ஓர் அமிலமாகப் பிணைத்து, பின்னர் இலையின் உட்பகுதியிலுள்ள உயிரணுக்களில் அதனை விடுவித்துச் சர்க்கரை ஆக்குகின்றன. இதனால் கடும் வெயிலிலும் சர்க்கரை உற்பத்தி தடைப்படுவதில்லை. இலைத்துளைகள் அதிகம் திறந்திருக்க வேண்டியதில்லையாதலால் நீரும் மிச்சமாகிறது.

தண்டு சாறு நிறைந்ததாக இருக்குமா, பஞ்சு போன்று உலர்ந்ததாக இருக்குமா என்பதை ஒரு மரபணு பெரிதும் முடிவு செய்கிறது. சாறுள்ள தண்டில், பூத்த பிறகு சர்க்கரை வேகமாகச் சேர்கிறது. மணி முற்றும் தறுவாயில் சாற்றில் கரைந்துள்ள பொருளின் அளவு பெரும்பாலும் 14 முதல் 20 சதவீதம் வரை இருக்கும். இதில் மிகுதியானது சுக்ரோஸ் என்னும் கரும்புச் சர்க்கரை. அதனுடன் குளுகோஸும் பிரக்டோஸும் கணிசமாகக் கலந்திருக்கும்.

இந்தக் கலப்பே ஒரு காலத்தில் இப்பயிருக்குக் குறையாக நின்றது. 1850-களில் இனிப்புச் சோளம் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பரவியது. 1880-களில் அந்நாட்டு வேளாண்மைத் துறை, கான்சாஸ் மாநிலத்தில் இதன் சாற்றிலிருந்து சர்க்கரை எடுக்கப் பெருமுயற்சி செய்தது. சாறு பாகாயிற்று, ஆனால் குளுகோஸும் மாவுப் பொருளும் தடையாக நின்றமையால், கரும்புச் சர்க்கரை போல எளிதில் படிகமாகவில்லை. முயற்சி கைவிடப்பட்டது. ஆல்கஹால் வடிப்போருக்கோ இக்கலப்பு ஒரு குறையே அன்று. ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் மூன்று வகைச் சர்க்கரையையும் உண்டு ஆல்கஹாலாக மாற்றி விடும்.

சாகுபடி முறை

நல்ல வடிகால் உள்ள கரிசல் மண்ணும் செம்மண்ணும் இதற்கு ஏற்றவை. தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் ஜூன் மாதத்தில் விதைப்பது பொது வழக்கம். ஹெக்டேருக்கு 8 முதல் 10 கிலோ விதை போதும். வரிசைக்கு வரிசை 60 சென்டிமீட்டரும், செடிக்குச் செடி 15 சென்டிமீட்டரும் இடைவெளி விட்டால், ஹெக்டேருக்கு ஏறத்தாழ 1,10,000 செடிகள் நிற்கும். இதற்கு மேல் நெருக்கினால் தண்டு மெலிந்து, காற்றில் சாய்ந்து விடும். பொதுவாக ஹெக்டேருக்கு 80 கிலோ தழைச்சத்தும், 40 கிலோ மணிச்சத்தும், 40 கிலோ சாம்பல்சத்தும் பரிந்துரைக்கப்படுகின்றன.

இளம்பயிரின் முதல் பகைவன் குருத்து ஈ. இதன் புழு நடுக்குருத்தைத் தின்று காய வைத்து விடும். மழை தொடங்கியவுடன் காலதாமதமின்றி விதைப்பதே இதிலிருந்து தப்புவதற்கு எளிய வழி. பிந்தி விதைத்த வயலில் சேதம் மிகுதி. வளர்ந்த பயிரைத் தண்டுத் துளைப்பான் தாக்கினால், துளை வழியே நுண்கிருமிகள் புகுந்து சாற்றைக் கெடுக்கும்.

மணியின் அடிப்பகுதியில் ஒரு கரும்புள்ளி தோன்றுவது முற்றியதற்கு அடையாளம். பூத்து ஏறத்தாழ 40 நாட்களில் இது காணப்படும். அப்போது கதிரைத் தனியே அறுத்துக் கொண்டு, தோகையை உரித்து, தண்டை அடியோடு வெட்ட வேண்டும். விதைத்ததிலிருந்து இதுவரை ஏறத்தாழ நான்கு மாதங்களே ஆகின்றன.

வெட்டிய கட்டையிலிருந்து துளிர்க்கும் இளந்தளிரை மாடுகள் மேயாமல் பார்த்துக் கொள்வது இன்றியமையாதது. இளஞ்சோளத்திலும் வறட்சியில் வாடிய சோளத்திலும் உள்ள துரின் என்னும் பொருள், மாட்டின் வயிற்றில் கொடிய ஹைட்ரோசயானிக் அமிலத்தை வெளிப்படுத்தும். முற்றிய தட்டையில் இவ்வபாயம் மிகக் குறைவு.

இந்தியாவில் இப்பயிரின் ஆராய்ச்சி பல இடங்களில் நடைபெற்று வந்துள்ளது. மகாராஷ்டிரத்தில் பல்டண் நகரிலுள்ள நிம்ப்கர் வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் ‘மதுரா’ என்னும் வகையை உருவாக்கியது; சூரிய வெப்பத்தைக் கொண்டு ஆல்கஹால் வடிக்கும் முறையையும் சோதித்தது. இந்தியச் சிறுதானிய ஆராய்ச்சி நிலையம் என இப்போது வழங்கும் ஹைதராபாத் நிலையத்தின் முயற்சியால், ‘சி.எஸ்.எச். 22 எஸ்.எஸ்.’ என்னும் ஒட்டுரகம் வெளிவந்தது. ஹைதராபாத்துக்கு அருகில் பட்டான்செருவில் 1972-ல் நிறுவப்பட்ட இக்ரிசாட் என்னும் பன்னாட்டு ஆராய்ச்சி நிலையமும் பல வகைகளை அளித்துள்ளது.

சாறு எத்தனாலாகும் விதம்

கரும்பாலையில் உள்ளவை போன்ற உருளைகளுக்கிடையே தண்டைச் செலுத்திச் சாறு பிழியப்படுகிறது. ஒரு டன் தண்டிலிருந்து சுமார் 450 கிலோ சாறு கிடைக்கும். அதில் 15 சதவீதம் சர்க்கரை எனக் கொண்டால், சர்க்கரையின் எடை 67 கிலோ. நொதித்தலின்போது சர்க்கரையின் எடையில் பாதிக்குச் சற்று மேலாக ஆல்கஹாலாகவும், எஞ்சியது கரியமில வாயுவாகவும் பிரிகின்றன. நடைமுறையில் ஏற்படும் இழப்பைக் கழித்தால், ஒரு டன் தண்டுக்கு ஏறத்தாழ 40 லிட்டர் எத்தனால் எஞ்சும்.

நொதித்த சாற்றைக் காய்ச்சினால், நீருக்கு முன்னதாக 78 டிகிரி சென்டிகிரேடு அளவில் எத்தனால் ஆவியாகும். ஆனால் எத்தனை முறை வடித்தாலும் சாதாரண முறையில் 4 சதவீதத்துக்கு மேல் நீர் தங்கி விடும். பெட்ரோலுடன் கலக்கும் எத்தனாலில் நீர் இருத்தலாகாது. ஆகவே, நீரின் மூலக்கூறுகளை மட்டும் பிடித்து வைத்துக் கொள்ளும் நுண்துளைக் கனிமத்தின் வழியாக ஆவியைச் செலுத்தி, நீரை அகற்றுகின்றனர். இவ்வாறு பெற்ற எத்தனாலில், லிட்டருக்கு லிட்டர், பெட்ரோலின் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கே உண்டு. எனினும் இயந்திரத்தில் முன்கூட்டியே வெடித்துத் தட்டும் இயல்பு இதற்குக் குறைவு.

நீர்க் கணக்கு

ஒரு ஹெக்டேரில் 40 டன் தண்டு விளைந்தால் 1,600 லிட்டர் எத்தனால் கிடைக்கும். அதே ஹெக்டேரில் 80 டன் கரும்பு விளைந்து, அதன் சாறு முழுவதும் வடிக்கப்பட்டால், டன்னுக்கு 70 லிட்டர் வீதம் 5,600 லிட்டர் கிடைக்கும். மேலோட்டமாகப் பார்ப்பவருக்குக் கரும்பே மேலானதாகத் தோன்றும். ஆனால் கரும்பு ஓராண்டுப் பயிர். அதற்கு 1,500 முதல் 2,500 மில்லிமீட்டர் வரை நீர் வேண்டும். சோளத்துக்கு 450 முதல் 650 மில்லிமீட்டர் போதும்.

இதனை வைத்துச் சோளம் நீரைப் பன்மடங்கு மிச்சப்படுத்தும் என்று கூறிவிடுவது சரியன்று. சோளத்துக்கு 500 மில்லிமீட்டரும் கரும்புக்கு 2,000 மில்லிமீட்டரும் எனக் கொண்டு கணக்கிட்டால், ஒரு லிட்டர் எத்தனாலுக்குச் சோளத்தில் சுமார் 3,100 லிட்டர் நீரும், கரும்பில் சுமார் 3,600 லிட்டர் நீரும் செலவாகின்றன. வேறுபாடு சிறிதே. உண்மையான வேறுபாடு அந்நீர் எங்கிருந்து வருகிறது என்பதில் அடங்கியிருக்கிறது. கரும்பின் நீரில் பெரும்பகுதி ஆற்றுக் கால்வாயிலிருந்தோ கிணற்றிலிருந்தோ இறைத்துப் பாய்ச்சப்படுவது. சோளத்தின் நீரோ புன்செயில் பெய்யும் மழை. அங்கே விழுந்து, அங்கேயே பயன்படுவது. மேலும், அதே நீரில் ஹெக்டேருக்கு ஒன்று முதல் இரண்டு டன் வரை தானியமும் விளைகிறது.

இந்நாட்டில் 1960-களின் இறுதியில் ஏறத்தாழ 180 லட்சம் ஹெக்டேரில் பயிரான சோளம், இன்று சுமார் 40 லட்சம் ஹெக்டேராகச் சுருங்கி விட்டது. தானியத்தின் விலை மட்டும் உழவரைச் சோளத்தில் நிறுத்தி வைக்கப் போதவில்லை. தண்டுக்கும் ஒரு விலை கிடைக்குமானால், கைவிடப்பட்டு வரும் இத்தானியத்துக்கு அது புத்துயிர் தரக்கூடும்.

மணி நேரத்தின் கணக்கு

இவ்வளவு நன்மைகள் இருந்தும், இனிப்புச் சோளம் இன்னும் பெருமளவில் எத்தனாலுக்குப் பயன்படவில்லை. அதன் காரணத்தை முன்னர் நிகழ்ந்த முயற்சிகள் காட்டுகின்றன.

2007-ஆம் ஆண்டில், அன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் மேடக் மாவட்டத்தில், இக்ரிசாட் நிலையத்தின் துணையுடன் ஒரு தனியார் வடிசாலை இனிப்புச் சோளச் சாற்றிலிருந்து எத்தனால் வடிக்கத் தொடங்கியது. மகாராஷ்டிரத்தின் நாந்தேட் பகுதியிலும் இத்தகைய ஓர் ஆலை ஏற்பட்டது. சுற்றுப்புற உழவர் விதைத்தனர், பயிரும் விளைந்தது. எனினும் இம்முயற்சிகள் நீடிக்கவில்லை. போதிய தண்டு உரிய நேரத்தில் வந்து சேராமையும், எத்தனாலுக்கு அன்று கிடைத்த விலை கட்டுப்படி ஆகாமையும் முக்கியக் காரணங்களாகும்.

தண்டு ஏன் நேரத்துக்கு வரவில்லை என்பதை ஒரு சிறு கணக்கால் அறியலாம். நாளொன்றுக்கு 40,000 லிட்டர் வடிக்கும் ஆலைக்கு, அன்றாடம் 1,000 டன் தண்டு வேண்டும். அஃதாவது, நாள்தோறும் 25 ஹெக்டேர் பயிரை வெட்டி, உரித்து, கட்டி, வண்டியேற்றிக் கொணர வேண்டும். 90 நாள் ஓடுவதற்கு 2,250 ஹெக்டேர் தேவை. அவை ஒன்றன்பின் ஒன்றாக முற்ற வேண்டும். ஆனால் மானாவாரி உழவர் அனைவரும் முதல் மழையில் ஒருசேர விதைக்கின்றனர். பயிரும் ஒருசேர முற்றுகிறது. முறை வைத்து விதைக்கலாமெனில், பிந்தி விதைத்தவரின் பயிரைக் குருத்து ஈ பற்றிக் கொள்கிறது. சில வாரங்களில் ஆலை தாங்காத அளவுக்குத் தண்டு குவிகிறது. மற்ற மாதங்களில் ஆலை வெறுமையாக நிற்கிறது.

குவிந்த தண்டைச் சேமித்து வைக்கவும் இயலாது. வெட்டிய தண்டில் சுக்ரோஸ், குளுகோஸாகவும் பிரக்டோஸாகவும் பிரியத் தொடங்குகிறது. சர்க்கரை ஆலைக்கு இது இழப்பு. வடிசாலைக்கு இதனால் மட்டும் இழப்பில்லை. ஆனால் வெட்டுவாயில் புகும் கிருமிகள் சர்க்கரையை அமிலமாக மாற்றுவது இரு சாராருக்கும் இழப்பே. ஆகவே 24 மணி நேரத்துக்குள் தண்டைப் பிழிந்து விடுவது நல்லது. பிழிந்த சாறோ வெயில் காலத்தில் சில மணி நேரத்திலேயே புளிக்கத் தொடங்கும். வண்டி ஒரு நாள் தாமதித்தால், உழவரின் நான்கு மாத உழைப்பில் ஒரு பகுதி வழியிலேயே வீணாகிறது. தண்டின் எடையில் பெரும்பகுதி நீர் என்பதால், தொலைவிலிருந்து கொண்டு வருவதற்கான வண்டிக் கூலியும் கட்டுப்படி ஆவதில்லை.

இரு வழிகள்

இத்தடையை நீக்க இரு வழிகள் கருதப்பட்டுள்ளன. முதலாவது, ஆலையைக் கிராமத்துக்குக் கொண்டு செல்வது. மேடக் மாவட்டத்து இப்ராகிம்பாத் கிராமத்தில் இதற்கென ஒரு சிறு நிலையம் அமைத்துச் சோதிக்கப்பட்டது. வயலுக்கு அருகிலேயே சாறு பிழிந்து, வெல்லம் காய்ச்சும் கொப்பரை போன்றவற்றில் வற்றக் காய்ச்சி, பாகாக்குவது இம்முறை. 15 சதவீதச் சர்க்கரை கொண்ட 1,000 கிலோ சாற்றை 70 சதவீதப் பாகாக்கினால், அது சுமார் 215 கிலோவாகச் சுருங்கும். அவ்வளவு கெட்டியான பாகில் கிருமிகள் வளர்வது அரிது. ஆதலால் பல மாதங்கள் வைத்திருந்து, வடிசாலைக்குச் சிறிது சிறிதாக அனுப்பலாம். சக்கை கிராமத்திலேயே தங்குவதும் ஒரு நன்மை. சக்கையையும் தோகையையும் நறுக்கிக் கலந்து கொடுத்தால் மாடுகள் விரும்பித் தின்கின்றன. ஆனால் கொப்பரை அடுப்புக்கும் அதே சக்கைதான் விறகு. அடுப்புக்குப் போனது போக மீதியே தொழுவத்துக்கு வரும். அடுப்பைச் சிக்கனமாக அமைப்பதைப் பொறுத்தே தீவனத்தின் அளவு அமையும்.

இரண்டாவது வழி, ஏற்கெனவே உள்ள சர்க்கரை ஆலைகளைப் பயன்படுத்துவது. பெரும்பாலான ஆலைகள் அக்டோபர், நவம்பரில் அரைவையைத் தொடங்கி, மார்ச், ஏப்ரலில் முடித்து விடுகின்றன. ஜூனில் விதைத்த சோளம் கரும்பு அரைவைக்குச் சற்று முன்பாகவும், நீர் வசதியுள்ள இடங்களில் பிப்ரவரியில் விதைத்த சோளம் அரைவை முடிந்த பின்னரும் வெட்டுக்கு வரும்படி செய்யலாம். உருளைகளும் கொதிகலனும் வடிசாலையும் ஆயத்தமாக இருப்பதால் புதிய முதலீடு குறைவு. கரும்பு இல்லாத மாதங்களில் இனிப்புச் சோளம் அரைக்கும் இம்முறை பிரேசில் நாட்டிலும் முயன்று பார்க்கப்பட்டது. ஆயினும், சர்க்கரை ஆலைகள் இருப்பது பாசன வசதியுள்ள பகுதிகளில். மானாவாரிச் சோளம் விளைவதோ அவற்றுக்கு அப்பால். ஆதலால், ஆலைக்கு அருகிலுள்ள மேட்டுப் புன்செய்களுக்கே இவ்வழி பெரிதும் பொருந்தும். தொலைவிலுள்ள சிற்றூர்களுக்குப் பாகு முறையே ஏற்றது.

இவ்விரு வழிகளுக்கும் துணையாக, பயிர் வல்லுநர் செய்ய வேண்டிய பணியும் உண்டு. ஒரே நாளில் விதைத்தாலும் வெவ்வேறு காலத்தில் முற்றும் வகைகளை உழவருக்கு அளித்தால், வெட்டும் பருவம் நீளும். மணி முற்றிய பின்னும் சில வாரங்கள் தண்டில் சர்க்கரை குன்றாமல் நிற்கும் வகைகளும், குருத்து ஈயைத் தாங்கும் வகைகளும் வேண்டும். சோளத்தின் மரபணுத் தொகுதி முழுவதும் 2009-ல் வெளியிடப்பட்டதிலிருந்து இத்தகைய தேர்வு முன்னிலும் எளிதாகியுள்ளது.

உழவர் தம் நிலத்தை ஒரு புதிய பயிருக்கு ஒப்படைக்கு முன், தண்டை வாங்குபவர் யார், என்ன விலை, வெட்டிய அன்றே எடுத்துச் செல்வாரா என்னும் மூன்று கேள்விகளைக் கேட்பார். தானியச் சோளத்தில் வாங்குவோர் இல்லாவிடினும் கதிர் வீட்டுக்குச் சோறாகும், தட்டை மாட்டுக்காகும். இனிப்புச் சோளத்திலும் இந்தப் பாதுகாப்பு அவருக்கு உண்டு. சாறு வீணானாலும் தானியம் வீணாவதில்லை. எரிபொருளுக்கென்றே வளர்க்கும் வேறு பயிர்களில் காணாத சிறப்பு இது. அக்கேள்விகளுக்கு வயலுக்கு அருகிலேயே விடை கிடைக்கும் நாளில், மழை நீரில் விளையும் இப்பயிர் உணவுக் களஞ்சியத்தில் கை வைக்காமலே நாட்டின் எரிபொருளில் ஒரு பங்கைத் தரும்.